இருப்பதைக் கொண்டு இரவுச் சாப்பாடு: அடுப்படிக்குப் புதியவர்களுக்கு

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள், வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்தவர்கள், இதுவரை அடுப்படிப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிட்டு இப்போது வேறு வழியில்லாமல் கரண்டி பிடிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, மறுபடி கடைக்குப் போகத் தெம்பில்லை, நான்கு பேருக்கு முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு ஆக வேண்டும். அதற்கான வழிதான் இது.

தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் இரவு பத்து மணிக்கும் இட்லி கிடைக்கும், பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும். வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் அப்படியே போனால் பையும் தாங்காது, வயிறும் தாங்காது.

புதியவர்களுக்குப் பாதி நேரம் யோசனையிலேயே போய்விடுகிறது. "இன்று என்ன செய்யலாம்?" என்று கேட்டுக்கொண்டால் பத்துப் பலகாரங்கள் நினைவுக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பொருள் குறையும். வீட்டில் இருப்பதில் எது முதலில் கெடும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஃபிரிட்ஜிலேயே பதில் இருக்கும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

முதல் ஐந்து நிமிடம் எதையும் நறுக்க வேண்டாம். சமைத்து வைத்தது, அரைத்து வைத்தது, உடைத்து வைத்தது என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மதியம் மிஞ்சிய சோறு, தூக்கில் இருக்கும் மாவு, பாதி மூடித் தேங்காய், அடியில் கொஞ்சம் குழம்பு, தயிர். இவை முதல் வரிசை. வாடத் தொடங்கிய வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலங்காய், கனிந்துபோன தக்காளி அடுத்த வரிசை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடைசி வரிசை. அவை நாளைக்கும் இருக்கும், அடுத்த வாரமும் இருக்கும். அவசரத்தில் எல்லோரும் கை வைப்பது இந்தக் கடைசி வரிசையில்தான். அதனால்தான் வெண்டைக்காய் முற்றிக் குப்பைக்குப் போகிறது.

மதியச் சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்படிப்பட்ட நாளில் பகல் முழுக்க அடுப்பு மேடையில் கிடந்த சோற்றை இரவுக்குத் தாளிக்காதீர்கள். பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும் சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே மதியம் சாப்பிட்டதும் அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்த சோறு மட்டுமே இரவுக் கணக்கில் வரும். நூல் விட்டாலோ வாடை மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். மூடித் தேங்காய் வழவழப்பாகி இளஞ்சிவப்புக் கண்டிருந்தால் அதற்கும் இதே தீர்ப்புதான்.

சோறா, மாவா, ரவையா

நம் பக்கத்து அவசர இரவுச் சாப்பாடு இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் நிற்கும். சப்பாத்தியை நான்காவதாகச் சேர்க்க விரும்புகிறவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும். பிசைந்து, ஊறவைத்து, தேய்த்துச் சுடும் வேலை அவசர நாளுக்கு ஒத்துவராது என்பது என் கட்சி.

நல்ல சோறு போதுமான அளவு இருந்தால் சோறு. இல்லையென்றால் மாவு. அதுவும் இல்லையென்றால் ரவை. எதுவுமே இல்லாத நாளில் குக்கரில் புதிதாக அரிசி. இரண்டு பேருக்குச் சோறு, இரண்டு பேருக்குத் தோசை என்று பிரிக்காதீர்கள். அது ஒரே இரவில் இரண்டு சமையல்.

மாவு இருக்கிறது என்றதும் கை தோசைக்கல்லைத் தேடும். சற்றுப் பொறுங்கள். தோசை சட்டென்று ஆகிவிடும் என்பது ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் எண்ணம். ஒரு கல்லில் ஒரு தோசைக்கு இரண்டரை, மூன்று நிமிடம் பிடிக்கும். நான்கு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 12 தோசை. அரை மணி நேரத்துக்கு ஒருவர் அடுப்பை விட்டு நகர முடியாது. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர் தன் பங்கைத் தனியாக நின்றபடி சாப்பிடுவார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இட்லி என்றால் ஒரே ஈட்டில் 12 அல்லது 16 வெந்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை வைத்து மூடினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் சட்னி முடிந்துவிடும். எல்லோரும் ஒன்றாக உட்காரலாம்.

மாவு நன்றாகப் புளித்துவிட்டால் இட்லி வேண்டாம். இரண்டு கரண்டி அரிசி மாவோ ரவையோ கலந்து புளிப்பைத் தணித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை நறுக்கிப் போட்டுப் பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது தோசையைவிட வேகமாகச் செலவாகும். பூசணம் கண்ட மாவை மட்டும், மேலே வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம்.

ஒரு தண்ணிச் சட்னி

மதுரைச் சாலையோர இட்லிக் கடைகளில் கரண்டி கரண்டியாக ஊற்றும் வெள்ளைச் சட்னியைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் இட்லி பாதி முழுகி நிற்கும். வீட்டில் இருப்பதைக் கொண்டு சமைப்பவருக்கு அதைவிட உதவியான சட்னி வேறு கிடையாது. தேங்காய் இருந்தால் போடலாம், இல்லாவிட்டாலும் நடக்கும். நான்கு பேருக்கு வேண்டியது ஒரு கைப்பிடிப் பொரிகடலை, ஒரு பெரிய வெங்காயம் அல்லது பத்துச் சின்ன வெங்காயம், நான்கைந்து பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு. பொரிகடலை என்றால் வேறு ஊர்களில் பொட்டுக்கடலை என்பதுதான்.

மிளகாயைக் கீறிவிட்டு ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்துடன் வதக்குங்கள். கீறாத மிளகாய் வெடித்து முகத்தில் தெறிக்கும். வெங்காயம் கண்ணாடியாக ஆனால் போதும். சிவந்துவிட்டால் சட்னி வெள்ளையாக வராது. ஆறியதும் பொரிகடலை, பூண்டு, உப்புச் சேர்த்து, முதலில் கொஞ்சமே தண்ணீர் விட்டு மைய அரைக்க வேண்டும். தொடக்கத்திலேயே நிறையத் தண்ணீர் விட்டால் பொரிகடலை மசியாமல் மணல் மணலாக நிற்கும். அரைத்த பிறகு மிக்ஸி ஜாரைக் கழுவி ஊற்றி, இரண்டரை டம்ளர் அளவுக்குத் தாராளமாக நீர்க்க விடலாம். உப்பைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் அரைக்கும்போது சரியாக இருந்த உப்பு இப்போது குறைந்திருக்கும்.

இனி தாளிப்பு. எண்ணெய் காய்ந்ததா என்று ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். உடனே வெடித்தால் மீதியைப் போடலாம். அடியில் சும்மா கிடந்தால் இன்னும் கொஞ்சம் காயட்டும். கடுகு வெடித்து அடங்கும் நேரத்தில் உளுந்தம்பருப்பு, அது சிவக்கத் தொடங்கும்போது கிள்ளிய மிளகாய் வற்றல், கடைசியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மிளகாய் கருகியிருக்கும், கடுகு வெடித்திருக்காது. இந்தத் தாளிப்பில் சட்னியை ஊற்றிச் சிறு தீயில் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பொரிகடலை இறுகிச் சட்னி கூழாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் கவலையில்லை, அரை டம்ளர் வெந்நீர் விட்டால் பழையபடி இளகிவிடும்.

சோறு இருந்தால்

ஃபிரிட்ஜில் இருந்த சோறு கட்டி கட்டியாக இருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உதிர்த்துவிடுங்கள். சுடச்சுட வடித்த சோற்றைவிட இந்த ஆறிய சோறுதான் தாளித்த சோற்றுக்கு ஏற்றது, கிளறும்போது குழையாது.

எலுமிச்சம்பழம் இருந்தால் மேலே சொன்ன தாளிப்பிலேயே கொஞ்சம் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மஞ்சள்தூள் சேர்த்துச் சோற்றைப் போட்டு நன்றாக ஆவி பறக்கும் வரை கிளற வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிய வேண்டும். தீயில் வைத்துப் பிழிந்தால் கசந்துபோகும். கனிந்த தக்காளிதான் இருக்கிறது என்றால் வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூளுடன் எண்ணெய் பிரியும் வரை வதக்கி அதில் சோற்றைக் கிளறுங்கள். அவசரப்பட்டு எண்ணெய் பிரியும் முன்பே சோற்றைப் போட்டால் தக்காளியின் பச்சை வாடை தட்டு வரைக்கும் வரும். இரண்டும் இல்லையா? மிளகும் சீரகமும் பொடித்து, நெய்யில் கறிவேப்பிலையோடு பொரித்துச் சோற்றில் கலந்துவிடுங்கள். சளிப் பிடித்த குழந்தைக்கும் அது ஆகும்.

புதிதாக அரிசி வைப்பதானால் ஆளுக்கு அரை டம்ளர் கணக்கு. ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர். அதே குக்கரின் மேல்தட்டில் ஒரு கிண்ணத்தில் துவரம்பருப்பு, மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் பருப்பும் சேர்ந்து வெந்துவிடும். குக்கர் விசில் விடும் நேரத்தில் ரசம் வைக்கலாம். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்துவிட்டு, பச்சை வாடை போகும் வரை கொதிக்கவிடுங்கள். அதன்பின் ஒரு கரண்டி மிளகு, ஒரு கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டு, நுரை பொங்கி வரும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்த ரசத்தில் மணம் போய்விடும். பருப்பு, நெய், ரசம், சுட்ட அப்பளம். இதைக் குறைவான சாப்பாடு என்று சொல்கிறவருக்கு நாளைக்கு அடுப்படியைக் கொடுத்துவிடுங்கள்.

ரவை

உப்புமா என்றதும் முகம் சுளிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. அதே ரவையில் மஞ்சள்தூள், தக்காளி, இருக்கிற காரட், பீன்ஸ், பட்டாணி, கடைசியில் ஒரு கரண்டி நெய் சேர்த்தால் கிச்சடி என்று பெயர் மாறிவிடும், சண்டையும் இருக்காது. ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு மூன்று டம்ளர் தண்ணீர். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் தூவி மறு கையால் கிளறினால் கட்டி விழாது.

முட்டையும் கருவாடும்

அசைவம் சாப்பிடும் வீட்டில் முட்டை இருக்கும்வரை பயமில்லை. வேகவைத்து உரிக்கும் நேரமும் வேண்டாம். வெங்காயம், தக்காளி வதக்கி, குழம்புப் பொடி போட்டு, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு கெட்டியாகக் கொதிக்கும்போது முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து ஒவ்வொன்றாக ஓரத்தில் இறக்குங்கள். தீயைக் குறைத்து மூடி ஐந்தாறு நிமிடம். அதுவரை கரண்டி உள்ளே போகக் கூடாது. போனால் முட்டை கரைந்து குழம்பு கலங்கிவிடும். சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும்.

மதுரையைச் சுற்றிய ஊர்களில் பல வீடுகளில் டப்பாவில் நெத்திலிக் கருவாடு இருக்கும். தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று நான்கு முறை அலசினால், வெங்காயம் தக்காளியோடு தொக்காக்கப் பத்து நிமிடம் போதும். உப்பைத் தொக்கு முடியும் தறுவாயில்தான் பார்க்க வேண்டும், கருவாட்டிலேயே உப்பு இருக்கும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்துவைத்து வறுக்கவும். பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்காதிருக்கலாம், அல்லது கிண்ணத்தோடு வந்து நிற்கலாம்.

மின்சாரம் போய்விட்டால்

மிக்ஸி ஓடாது, ஆகவே அரைக்கும் வேலையே இல்லாத ஒன்று வேண்டும். அதற்குப் பச்சைப்புளி ரசம் இருக்கிறது. புளியைக் கரைத்து வடிகட்டி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழையைப் போட்டு, உப்பும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மேலே கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது. கொதிக்க வைக்க வேண்டியதே இல்லை. கோடையில் மின்சாரம் இருக்கும் நாளிலும் இதைச் செய்யலாம். கூடவே மோர் மிளகாயோ சுண்டை வற்றலோ பொரித்துக்கொண்டால் சோறு இறங்குவது தெரியாது. இட்லி நாளாக இருந்தால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

திடீரென்று ஆள் கூடினால்

சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மதுரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் சொந்தபந்தம் இரவு எட்டு மணிக்குப் பையோடு வந்து நிற்கும். நான்கு எட்டாகும். அப்போது தோசையை நினைத்தும் பார்க்காதீர்கள். வெண்பொங்கல் வையுங்கள். மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டையும் வாசம் வர லேசாக வறுத்து, 16 டம்ளர் தண்ணீர் விட்டுப் பெரிய குக்கரில் ஐந்து விசில். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நிறைந்தால் இரண்டு தடவையாக வையுங்கள். பாசிப்பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை என்பதால்தான் அவசரத்துக்கு அது துவரையைவிட நல்ல துணை. தாளிப்பில் மிளகு, சீரகம், இஞ்சி. முந்திரி இருந்தால் போடுங்கள், வேர்க்கடலையைப் போட்டு முந்திரி என்று சாதிக்க வேண்டாம். தொட்டுக்கொள்ள அதே தண்ணிச் சட்னி, பொரிகடலையும் மிளகாயும் இரண்டு மடங்கு. மதியக் குழம்பு மிஞ்சியிருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்து அதையும் வைக்கலாம்.

பரோட்டா வாங்கி வரும் எண்ணம் இருந்தால் அதிலும் ஒரு வழி இருக்கிறது. ஆறு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, நிறைய வெங்காயம், நான்கு முட்டை, கடையில் தரும் சால்னாவில் பாதி ஊற்றிக் கொத்திவிட்டால் ஆறு பேர் சாப்பிடுவார்கள். மறுநாள் மிஞ்சிய இட்லியையும் இப்படியே உதிர்த்துத் தாளிக்கலாம். சூடான இட்லி பிசுபிசுக்கும், குளிர்ந்த இட்லிதான் பூப்போல உதிரும்.

வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை

இருப்பதைக் கொண்டு சமைக்க, ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. ஆனால் உழவர் சந்தை காலை வியாபாரம். மாலையில் வீடு திரும்புகிறவருக்குத் தள்ளுவண்டியும் தெருமுனைக் கடையும்தான். ஆகவே விடுமுறை நாள் காலையில் சந்தைக்குப் போய், முதல் இரண்டு நாளுக்குக் கீரையும் வெண்டையும், நடு வாரத்துக்குக் கத்தரி, பீன்ஸ், கடைசி நாட்களுக்குக் காரட், முட்டைக்கோஸ், பூசணி என்று கெடும் வரிசையை மனதில் வைத்து வாங்குங்கள். கீரையை வாங்கிய அன்றே மதியத்துக்குச் சமைத்துவிடுவது நல்லது. இரவில் கீரை சேர்க்காத வீடுகள் இங்கே நிறைய, மாமியாரோ பாட்டியோ உடன் இருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மளிகையில் பொரிகடலை, பாசிப்பருப்பு, ரவை, புளி, அப்பளம், ஏதாவது ஒரு வற்றல், இந்த ஆறும் தீரக் கூடாது. தீரும்வரை காத்திராமல், டப்பாவின் அடி தெரியும்போதே சீட்டில் எழுதிவிடுங்கள். கறிவேப்பிலைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காய் வாங்கிவிட்டு, "அண்ணாச்சி, கொசுறு?" என்று கேட்டால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பைக்குள் விழும். அதைக் காம்போடு ஒரு துணியில் சுற்றி டப்பாவில் மூடிவைத்தால் ஒரு வாரத்துக்குக் கெடாது. ஈரத்தோடு பாலிதீன் பையில் அப்படியே போட்டால் கறுத்துவிடும்.

படுக்கும் முன்

பாத்திரம் கழுவும்போதே மறுநாள் இரவைப் பற்றி ஒரு வேலை செய்துவிடலாம். ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கோடையாக இருந்தால் ஈரக் கடலையை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலை வந்ததும் உப்புப் போட்டு ஐந்தாறு விசில் விட்டால் வெந்துவிடும். பாதியைத் தேங்காய் போட்டுத் தாளித்துப் பிள்ளைகளுக்குச் சுண்டலாகக் கொடுத்துவிட்டு, மீதியைப் புளிக்குழம்பில் போடலாம். கத்தரிக்காய் ஒன்றிரண்டு இருந்தால் அதோடு சேர்ந்துகொள்ளும்.